சொட்டுநீர் போட்ட தென்னையைச் சுற்றி வெள்ளை வளையம்: ஜிப்சம் போடலாமா?

எருத்தேம்பதிக்காரன்:
வணக்கங்க. சித்தூர் தாலுகா, கோழிஞ்சாம்பாறைப் பக்கம் கரிசல் காட்டில் 110 தென்னை. கேரளா என்று பேர்தான், பாலக்காட்டில் ஊற்றுகிற மழை எங்களுக்கு வந்து சேர்வதற்குள் சாரலாகிவிடும். மூலத்தறை வாய்க்கால் தண்ணீரும் எங்கள் காட்டுக்கு எட்டாது. 740 அடி போர்தான் கதி. சொட்டுநீர் போட்டு நாலு வருஷம் ஆகிறது. இப்போது ஈரம் முடிகிற இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வளையம். ஓலை நுனியும் கருகுகிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார் உரக்கடைக்காரர். போடலாமா?

வேலந்தாவளம் வாத்தியார்:
தம்பி, அவர் உங்கள் தண்ணீரைப் பார்த்தாரா? வளையம் பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புதான். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஈரத்தின் ஓரத்தில் தங்கிவிடும். ஜிப்சம், சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு மருந்து. வெறும் உவர், அதாவது கரையும் உப்பு மட்டும் சேர்ந்த மண் என்றால் அது தீர்க்காது, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கத்தான் வேண்டும். எது என்று கண்ணால் சொல்ல முடியாது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடியுங்கள், மண்ணை மூன்று அடி வரை அடுக்கடுக்காக எடுங்கள். எங்கே சோதிப்பது என்று கிருஷிபவனில் (வேளாண் அலுவலகத்தில்) கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று, நான் பட்டது. முதல் சாரல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டேன், கரண்ட் மிச்சம் என்று. சாரல் ஓரத்து உப்பைக் கரைத்து வேருக்கே கொண்டுவந்துவிட்டது. பெரிய மழை பிடிக்கும்வரை சொட்டுநீரை நிறுத்தாதீர்கள்.

மீனாட்சிபுரம் அக்கா:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் சோதனை முடிவு வரும்வரை வட்டப்பாத்தியை வெயிலில் காயவிடாதீங்க தம்பி. தேங்காய் உரிமட்டையைப் பரப்புங்க, குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும். குழி வெட்டிப் புதைத்தால் குழிந்த பக்கம் மேலே, அப்போதுதான் தண்ணீர் நிற்கும். நான் வருஷக்கணக்கில் மட்டையை நார் மில் லாரியில் ஏற்றிவிட்டு, அந்தக் காசிலேயே பொட்டாஷ் வாங்கினேன். மட்டையில்தான் பொட்டாஷ் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது! ஐப்பசி மழைக்கு முன் ஊடே பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதையுங்க, உவரையும் தாங்கும். பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்க. முற்றவிட்டால் நாராகிவிடும்.

எருத்தேம்பதிக்காரன்:
வாத்தியாரே, நானும் போன வாரச் சாரலில் மோட்டாரை நிறுத்தினவன்தான். அக்கா, மட்டை லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், டிரைவருக்குக் கோபம். பாட்டில் கழுவி வைத்தாயிற்று. மும்முனை கரண்ட் வந்ததும் தண்ணீர் பிடிக்கிறேன்.