டிசம்பர் பையனும் ஜனவரி பையனும் ஒரே வகுப்பு, ஒருவனுக்கு மட்டும் டீமில் இடம்: பிறந்த மாதம்தான் காரணமா?

பாலக்கோடு அப்பா:
என் பையன் ஒன்பதாம் வகுப்பு, வாலிபால் ஆடுகிறான். பிறந்தது டிசம்பர் கடைசி வாரம். அவன் பக்கத்தில் உட்காரும் நண்பன் பிறந்தது அடுத்த ஜனவரி. சில வாரம்தான் வித்தியாசம். ஆனால் பள்ளி விளையாட்டுக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1. அதனால் நண்பன் இந்த வருடமும் 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடுகிறான். அங்கே அவன்தான் மூத்தவன். என் பையன் 17 வயதுப் பிரிவுக்குத் தள்ளப்பட்டுவிட்டான். வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு.

பள்ளியில் சேர்க்க ஜூலை 31 கணக்கு, விளையாட்டுக்கு ஜனவரி 1 கணக்கு. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை பிறந்த பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். போன வருடம் 14 வயதுப் பிரிவிலும், அதே வருடத்தில் பிறந்தவர்களில் இவன்தான் கடைக்குட்டி. "கை நல்லா இருக்கு, உயரம் பத்தாது" என்று தேர்வில் திருப்பி அனுப்பினார்கள். திறமையைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பிறந்த தேதியைத்தான் பார்க்கிறார்கள் என்கிறேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி ட்ராக்:
அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. வாதத்தை ஏற்க முடியவில்லை. கோட்டை எந்தத் தேதியில் போட்டாலும் அதற்கு முந்தின நாள் பிறந்த பிள்ளை ஒன்று இருக்கத்தான் செய்யும். ஜூன் 1 என்று மாற்றினால் மே மாதப் பிள்ளையின் அப்பா வந்து இதையே எழுதுவார்.

நான் காலையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் ஆட்டத்தில் ஸ்டாப்வாட்ச்தான் செலக்டர். அதற்கு மாதமும் தெரியாது, சாதியும் தெரியாது. இந்தப் பக்கம் பிள்ளைகளைத் தடுப்பது வேறு. அஞ்செட்டி, தளி பக்கத்து மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு மாலைப் பயிற்சி முடிந்தால் ஊர் திரும்பப் பஸ் கிடைப்பது கஷ்டம். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பிள்ளை பாட்டியிடம் வளரும். சாப்பாடு, ஷூ, பஸ், இந்த மூன்றையும் சரி பண்ணாமல் மாதத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவது வீண். பக்கத்துச் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றிலும் இந்தியாவுக்காக இறங்கினார். அவர் எந்த மாதம் என்று யாராவது கேட்டார்களா?

ஊத்தங்கரை மலர்:
ட்ராக் சார், இது ஜாதகப் பேச்சு இல்லை. 1985இல் கனடாவில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்து எழுதினார்கள். அங்கே ஜனவரி 1 கணக்கு. மேல்மட்ட இளையோர் அணிகளில் வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள், கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சரி, குளிர்காலத்தில் பிறந்தால் உடம்புக்கு ஏதோ நல்லது என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பதில் பெல்ஜியத்தில் இருக்கிறது. இளையோர் கால்பந்துக்கு அங்கே ஆகஸ்ட் 1 கணக்கு, 1997இல் ஜனவரி 1 ஆனது. முன்பு ஆகஸ்டை ஒட்டிப் பிறந்தவர்கள் அதிகம் இருந்த அணிகளில், மாற்றத்துக்குப் பிறகு ஜனவரியை ஒட்டிப் பிறந்தவர்கள் அதிகமானார்கள். நாடு அதே, ஆட்டம் அதே. தேதி நகர்ந்தது, "திறமை"யும் கூடவே நகர்ந்தது.

வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஒரு வருடத்தில் பையன்கள் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை உயர்கிறார்கள். அது பெரும்பாலும் 13, 14 வயதில்தான் வருகிறது. நம் தேர்வும் சரியாக அங்கேதான் நடக்கிறது. எடுக்கப்பட்டவனுக்கு நல்ல கோச், மாவட்டப் போட்டி, விடுதி எல்லாம் கிடைக்கிறது. விடப்பட்டவன் தெருவில் ஆடுகிறான். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எடுக்கப்பட்டவன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் ஆகியிருப்பான். அப்புறம் "பார், அன்றே சரியாக எடுத்தோம்" என்பார்கள்.

இன்னொன்று. கிரிக்கெட் வாரியத்தின் வயதுக் கணக்கு செப்டம்பர் 1. பாலக்கோடு அண்ணனின் பையன் வாலிபாலை விட்டு கிரிக்கெட் மட்டையைத் தூக்கியிருந்தால், அதே டிசம்பர் பிறப்போடு தன் பிரிவில் மூத்தவர்கள் பக்கம் நின்றிருப்பான்!

நடராஜன் உங்கள் பக்கத்துச் சாட்சியே இல்லை சார். டென்னிஸ் பந்து மேட்ச்சில் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. வயதுப் பிரிவு வடிகட்டிக்குள் போகாமல் பெரியவர்களோடு ஆடி வளர்ந்ததால்தான் அவர் நமக்குக் கிடைத்தார்.

கிருஷ்ணகிரி ட்ராக்:
மலர், நீங்கள் சொன்ன ஹாக்கியிலேயே இன்னொரு பக்கம் இருக்கிறது. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் தேர்ந்தெடுத்த வீரர்களை வைத்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. வருடக் கடைசியில் பிறந்து, தேர்வு வரிசையில் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் அந்த இடத்துக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினார்கள். சின்ன வயதில் பெரியவர்களோடு முட்டி மோதியது அவர்களுக்கு உரம். என் மைதானத்திலும் பார்க்கிறேன். 13 வயதில் எல்லோரையும் தோற்கடித்தவன் 17இல் காணாமல் போகிறான், பின்னால் வந்தவன் நிற்கிறான். அண்ணா, உங்கள் பையன் 17 வயதுப் பிரிவில் அடி வாங்கட்டும். இரண்டு வருடத்தில் எழுந்து நிற்பான்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் எத்தனை தேதி உண்மை? பழைய ஹெட்மாஸ்டர்கள் மே, ஜூன் என்று எழுதிச் சேர்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போதும் வயதைக் குறைத்துக் காட்டி ஆட வைப்பவர்கள் இல்லையா? கிரிக்கெட் வாரியம் 16 வயதுப் பிரிவுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பது எதற்காக?

பாலக்கோடு அப்பா:
தம்பி, எழுந்து நிற்பவனை நீங்கள் பார்க்கிறீர்கள். எழாமல் வீட்டுக்குப் போனவன் உங்கள் மைதானத்துக்கே வருவதில்லை. அவனை யார் எண்ணினார்கள்?

ஊத்தங்கரை மலர்:
அதேதான் அண்ணா. அந்த 2013 ஆய்வு சொல்வதும் அணிகள் கடைசி மாதத்தவர்களைக் குறைத்து மதிப்பிட்டன என்றுதான். சாருக்கு உரமாகத் தெரிவது எனக்குத் தேர்வின் தவறாகத் தெரிகிறது.

ஸ்டாப்வாட்ச்சுக்கும் மாதம் தெரியும் சார். சுவிட்சர்லாந்தில் சிறுவர்களின் 60 மீட்டர் ஓட்ட நேரங்களை எடுத்து 2015இல் ஓர் ஆய்வு செய்தார்கள். வேகமானவர்கள் பட்டியலில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அதிகம். வயதின் நாள் வித்தியாசத்தைக் கணக்கிட்டு நேரத்தைத் திருத்தியதும் அந்தச் சாய்வு போய்விட்டது. வாட்ச் ஓடிய நேரத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. ஓடியவனின் வயதைச் சேர்த்துப் படிக்க வேண்டியது நாம்.

அரூர் பி.இ.டி. டீச்சர்:
இரண்டு பக்கமும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெண்களுக்கு வளர்ச்சி உச்சம் 12 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பில் ஜனவரி பிள்ளையும் டிசம்பர் பிள்ளையும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அங்கே என் சண்டை மாதத்தோடு இல்லை. வயதுக்கு வந்தபின் "ஷார்ட்ஸ் போட்டு ஆட வேண்டாம்" என்பார்கள். பத்தாவது முடிந்தால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஓயவில்லை. வாலிபாலில் அடிப்பவருக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கும் நல்ல செட்டர் ஒருத்தியை நான் இழந்தது அப்படித்தான். அவள் எந்த மாதத்தில் பிறந்தாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பையன்கள் விஷயத்தில் மலர் சொல்வது சரி. ஆனால் தேர்வு செய்பவர் நிலைமையையும் பாருங்கள். ஒரு டீமுக்கு 12 பேர். குறுவட்டத்தில் ஜெயித்தால்தான் மாவட்டம், மாவட்டம் போனால்தான் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால்தான் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு. "இரண்டு வருடம் கழித்து வளர்வான்" என்று ஒரு குள்ளப் பையனை எடுத்துத் தோற்றுவிட்டு வந்தால், ஊரில் எனக்கு என்ன பதில்? கபடி ஒன்றில்தான் நிம்மதி. அங்கே எடை வரம்பு இருக்கிறது. பெரிய உடம்புக்காரன் வயது சரியாக இருந்தாலும் இறங்க முடியாது.

பாலக்கோடு அப்பா:
கபடிக்கு எடை பார்க்க முடிகிறதென்றால் வாலிபாலுக்கு வளர்ச்சி பார்க்க முடியாதா டீச்சர்? இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளில் வயதுக்குப் பதில் உடல் வளர்ச்சிப்படி பிரித்து ஆடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி ட்ராக்:
அண்ணா, அங்கே ஒரு அகாடமிக்கு டாக்டர் இருப்பார். இங்கே குறுவட்டப் போட்டிக்குக் குடிதண்ணீர் வந்தாலே பெரிய விஷயம். செலவு பிடிக்கும் யோசனை எதுவும் மாவட்டத்தைத் தாண்டாது. காசில்லாத வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

ஊத்தங்கரை மலர்:
இருக்கிறது. 2017இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வில் இளையோர் கால்பந்து ஆட்டத்தைத் தேர்வாளர்களுக்குக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பிறந்த தேதிகளைத் தாளில் கொடுத்தும் பெரியவர்கள் பக்கமே சாய்ந்தார்கள். சட்டை எண்களை வயது வரிசையில் மாட்டியதும் அந்தச் சாய்வு மறைந்தது. எண்ணைப் பார்த்தவுடன் யார் இளையவன் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

அரூர் பி.இ.டி. டீச்சர்:
இதை நான் செய்து பார்க்கிறேன். பள்ளி டீம் தேர்வுக்கு எப்படியும் செஸ்ட் நம்பர் எழுதுகிறோம். ரிஜிஸ்டரில் இருக்கும் பிறந்த தேதி வரிசையில் எழுதினால் முடிந்தது. பெரிய நம்பர்தான் இளையவன் என்று தேர்வாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். 12 பேர் போக, ரிசர்வ் என்று நாலு பேரைப் பயிற்சியில் வைத்துக்கொள்வேன். அந்த நாலும் கடைசி மாதப் பிள்ளைகளாக இருக்கட்டும். அதற்கு மேலிடத்து உத்தரவு தேவையில்லை. ட்ராக் சார், ஒரு தேர்வுக்கு வெளி ஆளாக வந்து உட்கார்வீர்களா?

கிருஷ்ணகிரி ட்ராக்:
தேதி சொல்லுங்கள் டீச்சர், வருகிறேன். சட்டை எண்ணைப் பார்த்தே மார்க் போடுகிறேன். ஆனால் அந்த நாலு ரிசர்வுக்கும் காலையில் முட்டையும் திரும்பிப் போகப் பஸ்ஸும் யார் ஏற்பாடு செய்வது என்று இங்கே இருப்பவர்கள் இப்போதே சொல்ல வேண்டும். அதைப் பேசாமல் நான் இறங்க மாட்டேன்.

பாலக்கோடு அப்பா:
முட்டை என் பொறுப்பு. பஸ்ஸுக்கு மலரும் மற்றவர்களும் வழி சொல்லுங்கள்.