45-70 லீவர் ரைஃபிள்: வாங்கிவிடலாம், கட்டுப்படியாகுமா?

கொலம்பஸ்வாசி
ஓஹையோவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டதால் வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆபீஸ் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகியாயிற்று, இதுவரை இரவல் ஷாட்கன்தான். இப்போது மார்லின் 1895 (விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை, அதாவது லீவரை, இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிள்), அதுவும் 45-70 என்ற பெரிய தோட்டா அளவில், ஒன்று வாங்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. புதுசு 1,500 டாலருக்கு மேலே போகிறது, அதற்கு வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன் (எப்படி என்று கேட்காதீர்கள்). வாங்கிய பிறகு எவ்வளவு இழுக்கும்? தோள் தாங்குமா? மானுக்கு இது ரொம்ப அதிகமா?

மலையோரம்
தம்பி, துப்பாக்கி விலையை விடுங்கள், அது ஒருமுறை செலவு. தோட்டாதான் ஆளைத் தின்னும். இருபது தோட்டா உள்ள பெட்டி ஐம்பதிலிருந்து எண்பது டாலர் வரை கேட்கிறார்கள், கரடிக்கென்று சிறு கம்பெனிகள் செய்யும் கனமான சரக்கு அதற்கும் மேலே. அதாவது விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மூன்று டாலர் காற்றில் போகிறது. ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடத்துக்கு)ப் போய் இரண்டு பெட்டி காலி செய்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு பெட்டி உங்களால் சுட முடியாது, அதுதான் வேடிக்கை. மேசையில் குனிந்து உட்கார்ந்து சுட்டால் ஒரு பெட்டி முடிவதற்குள்ளேயே தோள் போதும் என்று சொல்லிவிடும். நின்று சுட்டால் உடம்பு பின்னால் அசைந்து கொடுக்கும், உதை அவ்வளவு தெரியாது.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள்: பக்கவாட்டு வாய் வழியாகத் தோட்டாவைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றவேண்டும். புதுத் துப்பாக்கியில் அந்த மூடியின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், விளிம்பு கூர்மையாக இருந்தால் நகக்கண் உரிந்துவிடும்.

ஈயக்கரண்டி
மேலே அண்ணன் சொன்ன விலையெல்லாம் கடையில் வாங்குகிறவனுக்கு. சுட்ட தோட்டாவின் உறையில் மருந்தும் குண்டும் திரும்ப நிரப்பிக்கொள்வதுதான் ரீலோடிங், 45-70 மாதிரி அதற்கு வாகான தோட்டா குறைவு. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கரிமருந்துக் காலத்தில் வந்தது, உறை நேராக இருக்கும், அழுத்தமும் குறைவு, அதனால் பித்தளை உறை பலமுறை திரும்ப வரும். பிரஸ், டை (உறையை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு எல்லாம் சேர்த்து முதலில் சில நூறு டாலர் ஆகும். அப்புறம் ஈயக் குண்டை நீங்களே வார்த்தால் ஒரு தோட்டா ஒரு டாலருக்கு முன்னே பின்னே நிற்கும். உதையையும் உங்கள் தோளுக்கு ஏற்ப இறக்கிக்கொள்ளலாம், 405 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டை மெதுவாக அனுப்பினால் சுடுவதே சுகம்.

ஒரு எச்சரிக்கை. ரீலோடிங் புத்தகத்தில் இந்தத் தோட்டாவுக்கு, துப்பாக்கி தாங்கும் அழுத்தத்துக்கு ஏற்ப, மூன்று அட்டவணை இருக்கும்: டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பழைய ராணுவத் துப்பாக்கிக்கு, நவீன லீவருக்கு, ரூகர் நம்பர் ஒன் மாதிரி உறுதியான துப்பாக்கிகளுக்கு. மூன்றாவதைப் பார்த்து மார்லினில் போட்டுவிடாதீர்கள். கூர்முனைக் குண்டும் கூடாது. குழாய் மேகசினில் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயில்) ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில், அதாவது அடிபட்டால் தீப்பொறி தரும் அடிப்பகுதியில், முட்டிக்கொண்டு நிற்கும், உதையில் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. தட்டை முனை, இல்லையென்றால் ஹார்னடி கம்பெனியின் ரப்பர் மாதிரி மெத்தென்ற முனை.

கொலம்பஸ்வாசி
ரீலோடிங்கெல்லாம் அபார்ட்மென்டில் நடக்காது அண்ணா. வருஷத்துக்கு நாலைந்து பெட்டி என்றால் சமாளிக்கலாம். தூரம் எப்படி?

ஏரிக்கரை
நூறு கஜத்துக்குக் குறியைச் சரிசெய்து வைத்தால் இருநூறில் குண்டு நன்றாக இறங்கிவிடும், பழைய கனமான குண்டு என்றால் இன்னும் மோசம். ஓஹையோ காட்டில் மான் பெரும்பாலும் நூறுக்குள்தான் நிற்கும், கவலையில்லை. மானுக்கு அதிகமா என்றால் அதிகம்தான், ஆனால் மெதுவாகப் போகும் பெரிய குண்டு வேகமான சின்னக் குண்டு அளவுக்கு இறைச்சியைக் கந்தலாக்காது. உங்கள் மாநிலத்தில் மானுக்கு ரைஃபிள் என்றால் நேருறைத் தோட்டா (கழுத்துக் குறுகாத உறை உள்ளது) மட்டும்தானே, அதனால் கழுத்துக் குறுகிய 30-30 தோட்டா ஆகாது, இது ஆகும். ரைஃபிளில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் அங்கே விதி, ஆகவே பெரிய மேகசினுக்குக் காசு கொட்டாதீர்கள். சீசனுக்கு முன் அந்த வருஷத்து விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிச்சிகன் பக்கம் நண்பர்களோடு போகிற யோசனை இருந்தால் கவனம். அங்கே தெற்குப் பகுதியில் உறை நீளம் 1.80 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது, 45-70 இரண்டு அங்குலத்துக்கு மேல்; இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் 357 மேக்னம் என்ற சின்னத் தோட்டாவில் ஒரு லீவர் வாங்குங்கள். தோட்டா கால்வாசி விலைக்கே கிடைக்கும், நாள் முழுக்கச் சுடலாம், கிட்டத்து மானுக்கும் போதும்.

மலையோரம்
357 நல்ல யோசனைதான், ஆனால் மனசு 45-70-இல் இருக்கிறவனுக்கு அதைக் கொடுத்தால் அடுத்த வருஷம் இரண்டும் வீட்டில் இருக்கும். வாங்குவதற்குமுன் யாரிடமாவது வாங்கிப் பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கள், கனமான ஃபேக்டரி தோட்டாவாக.

எச்1பி-யில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி விலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம்.