இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டியவர்கள்: மனசை விட்டுப் போகாத ஒன்று இருந்தால் எழுதுங்கள்

வேப்பம்பூ_ரெடிங்

போன ஆகஸ்டில் நடந்தது. ப்ரோக்கன்ஹர்ஸ்டில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, ரைன்ஃபீல்ட் பக்கம் போகும் வழக்கமான சரளைப் பாதைதான். கார் தொந்தரவு இல்லை என்பதால் ஒன்பது வயது மகனை முன்னால் விட்டோம். அவனும் அவன் அப்பாவும் முன்னே, நான் கடைசி. வேலி போட்ட காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மரக்கதவு. நுழைந்ததும் பின்கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு மிதித்துவிட்டேன். தானாகச் சாத்திக்கொள்ளும் என்று நினைப்பு.

நூறு மீட்டர் போயிருப்பேன், ஏனோ திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்து கிடக்கிறது. நடுவில் ஒரு சாம்பல் நிறக் குதிரை, அதன் வயிற்றை ஒட்டி ஒரு குட்டி. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடியிருக்கக் கூடாது. தாய் மிரண்டு உள்ளே வந்துவிட்டது, குட்டி வெளியே மாட்டிக்கொண்டது. அந்தக் குட்டி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் என்னைக் கையமர்த்தினார். நாயை உட்காரவைத்தார். குதிரைக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போய், இரண்டு கைகளையும் விரித்து வாய்க்குள் ஏதோ முனகினார், அவ்வளவுதான். அது நடந்து வெளியே போய்விட்டது. வால் மயிரைப் படி படியாகக் கத்தரித்திருந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அவர் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். எடுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடி மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

சுழல்_சக்கரம்

எனக்குக் கிடைத்தது பன்றி. அக்டோபர், போல்டர்வுட் பக்கம். ஓக் காய் கொட்டும் பருவத்தில் காட்டுக்குள் பன்றிகளை அவிழ்த்துவிடுவார்கள், தெரியும்தானே. பச்சைக் காய் குதிரைக்கு நஞ்சு, பன்றிக்கு விருந்து. தண்ணீர் குடிக்க ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது, யாரோ பக்கத்தில் முறுக்கு கடிப்பதுபோல. திரும்பினால் மூக்கில் வளையம் போட்ட பெரிய தாய்ப் பன்றி, பின்னால் குட்டிகள் வரிசையாக. என் ஷூவுக்குப் பக்கத்தில் கிடந்த காயை எடுத்து, கடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றது. அதன் கண் இமை மயிர் வெள்ளையாக இருந்தது. அவ்வளவு பக்கம். வண்டியே வராத இடம், பயப்பட ஒன்றும் இல்லை, தைரியமாகப் போங்கள்.

ஹாம்ப்ஷயர்வாசி

சுழல்_சக்கரம், “வண்டியே வராது, பயப்பட ஒன்றும் இல்லை” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இதைப் படித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளோடு வருகிறார்கள். ரைன்ஃபீல்டிலிருந்து போல்டர்வுட் போக ஏ35 என்ற பெரிய சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும். காட்டுக்குள்ளேயும் மரம் ஏற்றும் லாரி அதே சரளைப் பாதையில் வரும். குட்டி போட்ட பன்றிக்குப் பக்கத்தில் உட்காரவே கூடாது. உங்களை ஒன்றும் செய்யாதது உங்கள் நல்ல நேரம்.

வேப்பம்பூ, நீங்கள் பார்த்த வால் வெட்டு அலங்காரம் இல்லை. காட்டில் திரியும் குதிரைகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சல் கட்டணம் கட்டியாகிவிட்டது, எந்த வட்டாரத்துக் குதிரை என்பதையெல்லாம் காட்ட, அஜிஸ்டர் என்ற காவலர் அப்படி வெட்டுகிறார். மன்னர் முதலாம் வில்லியம் 1079இல் வேட்டைக்காக ஒதுக்கிய காடு இது. மேயும் உரிமை அவ்வளவு பழையது. ஆனால் அந்த வேலி மேய்ச்சலைத் தடுக்கத்தான். குதிரை உள்ளே போனால் கன்று மரங்களின் குருத்தைக் கடித்துவிடும். கப்பல் கட்ட நீளமான ஓக் மரம் வேண்டும் என்று மரத்தின் தலையை வெட்டுவதையே 1698இல் சட்டம் போட்டு நிறுத்திய காடு. இங்கே பேர்போன நைட்வுட் ஓக் மரம் மாதிரி தலை வெட்டப்பட்டுப் பருத்த மரங்கள் அதற்கு முந்தியவை. பெரியவர் கொக்கியை இரண்டு தடவை மாட்டிக் காட்டியதில் இவ்வளவும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு இன்னும் சில. சைக்கிள் அடையாளக் கம்பம் இருக்கும் பாதையில் மட்டும் ஓட்டுங்கள், மற்ற தடங்களில் அனுமதி இல்லை. கம்பத்தில் இருக்கும் எண்ணை வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள், போன் சிக்னலை நம்பாதீர்கள். குதிரைக்குக் கேரட் கொடுப்பது, தடவிக்கொடுப்பது இரண்டும் வேண்டாம், 2023இல் அதற்குத் தடை ஆணையே போட்டார்கள். தின்னக் கொடுத்துப் பழக்கினால் அது கார் நிற்கும் இடம் தேடி ரோட்டுக்கு வரும், இரவில் அடிபட்டுச் சாகும். குதிரையைத் தாண்டும்போது மணி அடிக்காதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். முக்கியமாக உண்ணி. புல்லில் உட்கார்ந்தால் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம். சில வாரங்களுக்குள் வளையம் மாதிரி சிவந்தால் உடனே டாக்டர். உண்ணி கடித்து வரும் லைம் நோய் விளையாட்டு இல்லை.

என் மகளுக்கு முழங்காலின் பின்னால் ஒன்று இருந்தது. எள்ளு அளவு. மச்சம் என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டேன்.

சுழல்_சக்கரம்

சரி, பன்றி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். நான் அதைத் தேடிப் போகவில்லை, அதுதான் வந்தது. உங்கள் மகள் இப்போது நலமா?

ஹாம்ப்ஷயர்வாசி

நலம். மருந்து கொடுத்தார்கள்.

ஈஸ்ட்ஹாம்_தம்பி

நான் சொல்ல வந்தது விலங்குக் கதை இல்லை. பரவாயில்லை என்றால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 67 வயது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்தவர். இங்கே வந்த பிறகு மிதிக்கவே இல்லை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை லண்டன் வாட்டர்லூவில் றெயில் ஏறி வெளிக்கிட்டோம். ப்ரோக்கன்ஹர்ஸ்டுக்கும் பேர்லிக்கும் நடுவில் பழைய றெயில் பாதை இருக்கிறதல்லவா, மேடு பள்ளம் இல்லாதது, அங்கே கூட்டிப் போனேன். முதல் பத்து நிமிஷம் ஹாண்டில் ஆடியது. அப்புறம் எனக்கு முன்னால் போய்விட்டார். இரண்டு பக்கமும் ஊதா நிறத்தில் ஹெதர் என்ற குறும்புதர் பூத்துக் கிடந்தது. வெட்டவெளி, காற்று மட்டும்.

ஒரு இடத்தில் சட்டென்று நிறுத்தி இறங்கினார். கால் வலிக்கிறதாக்கும் என்று ஓடிப்போனேன். செருப்பு நுனியால் சரளையை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது றெயில் போன பாதையெல்லோ? தண்டவாளத்தை ஆர் கழட்டினது?”

ஆட்கள் ஏறுவது குறைந்துவிட்டது, 1964இல் மூடிவிட்டார்கள் என்று சொன்னேன்.

“சண்டை ஒண்டும் இல்லாமலோ?”

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊருக்கு 1990இல் நின்ற றெயில் 2014இல்தான் திரும்ப வந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் சண்டைக்காலப் பதுங்குகுழி, பங்கருக்குப் போன காலத்தைப் பார்த்தவர் அவர். நான் அப்போது கைக்குழந்தை.

வேப்பம்பூ_ரெடிங்

தம்பி, இதை இரண்டு தடவை படித்தேன். அம்மா அப்புறம் ஓட்டினாரா?

ஈஸ்ட்ஹாம்_தம்பி

ஓட்டினார் அக்கா. ஹோம்ஸ்லியில் பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்போது தேநீர்க்கடை. அங்கே போய்த்தான் நின்றார். உள்ளே இடம் இருந்தும் வெளியே கதிரையை இழுத்து, றெயில் போன பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு இருந்தார். தேத்தண்ணி ஆறிய பிறகுதான் குடித்தார்.