புதுப்பிப்பு: அப்பாவின் கால் புண், கிருமி எது என்று தெரிந்துவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவுக்குக் காய்ச்சல் தணியவில்லை, இரத்தத்தில் ‘செபாசியா’ கிருமி என்கிறார்கள் என்று மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அது தவறு. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில், கிருமியை அடையாளம் காட்டும் டிடிஎஸ்1 மரபணு சிக்கியது. மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும், மண்ணிலும் நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லேயி என்ற பாக்டீரியாதான். செபாசியாவும் இதுவும் ஒரே பேரினம். வழக்கமான உயிர்வேதிச் சோதனை ஏமாந்துபோகும், அக்காளைத் தங்கை என்று அழைப்பதுபோல.

லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கால்வாயிலிருந்து தொற்றியதா என்று கேட்டிருந்தீர்கள். கிருமியின் 7 மரபணுக்களை ஒப்பிடும் எம்எல்எஸ்டி முறை, அது எந்த வகை என்று ஓர் எண்ணைத் தரும். ஆனால் அதே எண் வேறு ஊர் மண்ணிலும் இருக்கலாம். நெருங்கிச் சொல்ல, ஏறத்தாழ 72 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட கிருமியின் முழு மரபணுத்தொகுதியையும் படிக்க வேண்டும்.

செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி முடிந்தது. இனி இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியான கோட்ரைமோக்சசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம். அப்பாவோ இப்போதே பூட்ஸைத் தேடுகிறார்.