கோரைக்கும் பார்த்தீனியத்துக்கும் கேஸ் டார்ச் சரிப்படுமா?

முருங்கைத்தெரு, கொடுங்கையூர்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பக்கவாட்டில் கால் கிரவுண்டு போல மண் தரை இருக்கிறது. முருங்கையும் கறிவேப்பிலையும் ஏற்கெனவே நிற்கின்றன, மீதி இடத்தில் கத்தரி, வெண்டை, கீரை போடலாம் என்று செம்மண் லோடு இறக்கினோம். மழை ஓய்ந்ததும் கீரைக்கு முன்னால் கோரைதான் வந்தது. பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வருகிறது, சில நாளில் அதே இடத்தில் ஊசி ஊசியாக மறுபடி நிற்கிறது. வாசலில் பேவர் பிளாக் இடுக்கெல்லாம் சாரணை, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை. போதாததற்குப் பின்பக்கக் காலி மனையில் இடுப்பளவு பார்த்தீனியம், அதன் விதை சுவரைத் தாண்டி எங்கள் பக்கமும் முளைக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் நீளக் குழாய் வைத்த கேஸ் டார்ச்சால் களையை வாட்டிக்கொண்டே நடந்து போகிறார்கள். அந்த டார்ச் இங்கேயும் ஆன்லைனில் கிடைக்கிறது. வீட்டு சிலிண்டரில் மாட்டி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பொசுக்கிவிடலாமா? கீரை பிள்ளைகள் சாப்பிடப் போவது, அதனால் மருந்து அடிக்க மனம் வரவில்லை. பின்பக்க மனையை ஒட்டி ஒருவர் ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தார்ஷீட் வேலு, திருவொற்றியூர்

மொட்டை மாடிக்குத் தார் ஷீட் ஒட்டுவதுதான் என் தொழில், டார்ச் தினமும் கையில் இருக்கும். எங்கள் வீட்டு வாசல் களைக்கும் அதையேதான் பிடிக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன் அண்ணா.

முதலில், வீடியோ பார்க்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இந்த "பொசுக்குவது" என்பதைத்தான். செடி கருக வேண்டியதே இல்லை. இலைக்குள் இருக்கிற தண்ணீர் சூடாகி உள்ளே திசு வெந்துபோனால் போதும், செடி தானாக வாடிக் காய்ந்துவிடும். நெருப்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு செடிமேல் ஒரு நொடிக்குமேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே போக வேண்டும். இலையின் நிறம் கொஞ்சம் மாறி மினுமினுப்பாகும். சந்தேகமாக இருந்தால் சூடு ஆறியபின் இலையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள், விரல் பட்ட இடம் கரும்பச்சையாகப் பதிந்து அப்படியே இருந்தால் அந்த இலை முடிந்தது. அதற்குமேல் காட்டுவது கேஸுக்கு நஷ்டம், புகைதான் மிச்சம்.

இரண்டிலிருந்து நாலு இலை விட்ட இளஞ்செடிக்கு இது அருமையான வேலை. சாரணை, அம்மான் பச்சரிசி, குப்பைமேனி எல்லாம் குட்டியாக இருக்கும்போது ஒரே வாட்டில் போய்விடும். கோரை, அருகம்புல் கதை வேறு. அவற்றின் குருத்து மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மண் சூட்டை உள்ளே விடாது, மேலே இவ்வளவு நெருப்பு காட்டியும் இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் குளுமையாகவே இருக்கும். மேலே கருகும், கீழே சிரிக்கும். மூக்கிரட்டையும் வளர்ந்துவிட்டால் அப்படித்தான், வேர் முள்ளங்கி கணக்காக இறங்கிவிடும்.

ஆக வாசல் பேவர் பிளாக்குக்கு டார்ச் சரி. காற்று இல்லாத காலை நேரம், பனி காய்ந்த பிறகு (இலை ஈரமாக இருந்தால் பாதி சூடு அந்த ஈரத்தை ஓட்டவே போய்விடும்), காலில் ஷூ, பருத்தித் துணி, பக்கத்தில் ஓஸ் பைப்பில் தண்ணீர் ஓடத் தயாராக. நைலான் லுங்கி, நைட்டி எதுவும் கூடாது. இடுக்கில் காய்ந்த முருங்கை இலை கிடந்தால் முதலில் பெருக்கிவிடுங்கள், நெருப்பு அதன் வழியாகத்தான் ஓடும். பிவிசி பைப், மோட்டார் வயர், சாக்கடை மூடி, புதைத்த ஈபி கேபிள் மேலே வந்திருக்கிற இடம், இவற்றின் பக்கமே போகாதீர்கள்.

வீட்டு சிலிண்டரை மட்டும் தொடாதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்குக் கொடுப்பது, வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. தவிர அடுப்புக்கு மாட்டுகிற ரெகுலேட்டரும் குழாயும் டார்ச்சுக்கு ஆனவை அல்ல. 5 கிலோ சின்ன சிலிண்டர் தனியாகக் கிடைக்கிறது, டார்ச்சுக்கு உரிய ரெகுலேட்டரோடு அதை வாங்கலாம். எதுவானாலும் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் கேஸ் திரவமாகவே குழாயில் வந்து நெருப்பு பீறிடும். சின்ன பியூட்டேன் டப்பா மாட்டுகிற கை டார்ச்சைக் குனிந்து தலைகீழாகப் பிடித்தாலும் அதேதான் நடக்கும், களை வாட்டுவதோ எப்போதும் குனிந்து செய்கிற வேலை. அதனால் களைக்கு அந்த டப்பா டார்ச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பால்பண்ணை சுமதி, மாதவரம்

அந்தக் காலி மனைப் பார்த்தீனியத்தில் மட்டும் தயவுசெய்து நெருப்பு வைத்துவிடாதீர்கள். வேலு அண்ணா சொன்ன மாதிரி வாட்டுவது வேறு, இடுப்பளவு புதரைக் கொளுத்துவது வேறு. அடியில் காய்ந்த தண்டு இருக்கும், பிடித்தால் கொட்டகை நிமிஷத்தில் போய்விடும், உள்ளே யார் தூங்குகிறார்களோ. அடுத்தவர் மனை வேறு.

எனக்கு வீசிங் இருக்கிற பையன் இருக்கிறான், அதனால் இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பார்த்தீனியம் கையில் பட்டாலே அரிப்பு, பூந்தாது மூக்கில் ஏறினால் தும்மலும் இளைப்பும். அப்படிப்பட்ட செடியின் புகையை யார் தலையில் விடுவது? கொடுங்கையூர் குப்பைமேடு எரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா. மணலிப் பக்கத்துக் காற்றைச் சும்மாவே சுவாசிக்கிறோம், போகியன்று அதற்குமேல் ஒரு போர்வை. இந்தப் பக்கத்தில் இலைதழை எரிப்பதை நாமே விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பார்த்தீனியத்துக்கு வழி எளிது, கொஞ்சம் உடம்பு வணங்க வேண்டும். பூப்பதற்கு முன்னால், மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடுவது. முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகத்துக்குத் துணி. முதலில் ஒரு கம்பால் புதரைத் தட்டிவிட்டு இறங்குங்கள், பாம்பு இருக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும், அதனால் பூத்த பிறகு பிடுங்குவதில் பாதிப் பலன்தான். பூக்காத செடியை மக்கவும் வைக்கலாம், பூத்ததை வைக்காதீர்கள். மனைக்காரரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டு அங்கே ஆவாரையோ தகரையோ விதைத்துவிட்டால் அடுத்த மழையில் பார்த்தீனியத்துக்கு இடம் குறையும். உங்கள் பக்கச் சுவரோரம் துலுக்கச் சாமந்தி போடுங்கள், அதுவும் நெருக்கி வளரும், பூவும் ஆச்சு.

ஆர்.கே. நகர் பையன்

அண்ணா இவ்வளவு யோசனை எதற்கு? கிளைபோசேட் களைக்கொல்லி ஒரு தடவை அடித்தால் கோரை கிழங்கோடு போகும். எங்கள் சித்தப்பா ஊரில் வரப்புக்கு அதுதான் அடிக்கிறார். இல்லாவிட்டால் கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள், வினிகரும் அடிக்கலாம், எல்லாம் இயற்கைதானே.

கோடை உழவு, மாதவரம்

தம்பி, கோபித்துக்கொள்ளாதே, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கிளைபோசேட் இலை வழியாக இறங்கி வேர்வரை போகும், அது உண்மை. ஆனால் கோரைக்கு ஒரு தடவை போதாது, முளைக்காமல் உறங்குகிற கிழங்குக்கு மருந்து போய்ச் சேராது. 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் மூலமாகத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், நாமாக வாங்கி வீட்டில் அடிப்பதற்கில்லை. கீரைப் பாத்திக்கு எனக்கு மனம் ஒப்பவும் இல்லை. யாராவது பாராகுவாட் என்கிற களைக்கொல்லியைக் கொண்டுவந்து கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், வாய்க்குள் போனால் விஷமுறிவு மருந்து கிடையாது.

உப்பு இயற்கைதான், கடலும் இயற்கைதான். பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கச் சொல்வது பயிர் வைக்காத தரிசுக்கு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறி வயலும் கிணறும் கெட்டதைப் பார்த்தவர்கள் நாம், வடசென்னையில் பல வீட்டு போர்த் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. முருங்கை வேர் ஓடுகிற மண்ணில் இன்னும் உப்பைக் கொட்டினால் களை போய்க் கத்தரியும் போகும். கடை வினிகர் நாலைந்து சதவீதக் காடிதான், அது இளம் இலையைச் சுடும், வேரைத் தொடாது. அதற்குப் பதில் சோறு வடித்த கொதிகஞ்சியையோ கொதிதண்ணீரையோ பேவர் பிளாக் இடுக்கில் ஊற்றுங்கள், நெருப்பைவிடச் சற்று ஆழம் இறங்கும், செலவும் இல்லை.

இப்போது கோரை. எனக்கு இதில் நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிடுங்குவது புல்லை. செடி இருப்பது கீழே. மெல்லிய நூல் மாதிரி வேர்த்தண்டு ஓடி, அதில் மணி கோத்ததுபோல் கிழங்கு கிழங்காக இருக்கும். பெரும்பாலும் மேலே ஒரு சாணுக்குள், சில அதற்கும் கீழே. மேல் கிழங்கு முளைத்திருக்கும்வரை கீழே இருப்பவை அடங்கிக் கிடக்கும். மண்வெட்டி போட்டால் சங்கிலி அறுந்து அடங்கியிருந்தவையும் முளைக்கும், அதனால் கொத்திய பிறகு முன்பைவிட அதிகமாக வந்ததுபோல் தெரியும். பலரும் இங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள். அதுதான் உண்மையில் நமக்கு வேண்டியது, கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து வெளியே வருகிறது. அந்த முளை புதுக் கிழங்கு வைக்கச் சுமார் மூன்று வாரம் ஆகும். அதற்குள், இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், விடாமல் களைக்கொத்தியால் அடியோடு அறுத்துக்கொண்டே வந்தால் கிழங்கு இளைத்துச் சாகும். இடையில் ஒரு மாதம் விட்டால் செய்த வேலை எல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் கையில் இருந்தால் அறுப்பதற்குப் பதில் அந்த முளையை வாட்டலாம், பலன் ஒன்றுதான், ஆனால் அதே இரண்டு வாரக் கணக்கு.

கோடையில் இன்னொரு வழி. கோரைக்கிழங்கு வெயிலில் உலர்ந்தால் செத்துவிடும், கோடை உழவு உழுவதில் அதுவும் ஒரு பலன். சித்திரையில் தண்ணீர் விடுவதை நிறுத்தி, ஒரு முழ ஆழம் கொத்திப் புரட்டிப் போடுங்கள். அக்கினி நட்சத்திரம் முழுக்க அப்படியே கிடக்கட்டும், இடையிடையே கிளறி அடிமண்ணை மேலே கொண்டுவாருங்கள். பாத்தி சின்னதாக இருந்தால் மணல் சலிக்கிற சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்கிவிடலாம், கால் கிரவுண்டில் காய்கறிப் பாத்தி மட்டும் என்றால் ஆகக்கூடிய வேலைதான். முருங்கை, கறிவேப்பிலை அடியில் மட்டும் ஆழமாகக் கொத்தாதீர்கள். ஈர மண்மேல் கண்ணாடித்தாள் போர்த்தி ஓரத்தை மண்ணால் மூடி நாலு முதல் ஆறு வாரம் விடுவார்களே, அது சாரணை, பார்த்தீனியம் போன்ற விதைக் களைக்கு நன்றாக வேலை செய்யும், கோரைக் கிழங்கு ஆழத்தில் தப்பிவிடும். கறுப்பு மல்ச்சிங் ஷீட்டை நம்பி உட்காராதீர்கள், கோரையின் குருத்து அதை ஊசிபோல் துளைத்துக்கொண்டு வரும்.

அப்புறம், கோரைக்கு நிழல் ஆகாது. மழைக்கு முன் தட்டைப்பயறோ சணப்பையோ நெருக்கி விதைத்து மூடிவிடுங்கள், அதை மடக்கி மண்ணில் போட்டுவிட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடி நடுங்கள். அந்தக் கொடி தரையைப் பூராவும் மூடிக்கொள்ளும். கீரையை ஒரு வருஷம் தொட்டியில் வையுங்கள். கீரைப் பாத்தியும் கோரையும் ஒரே மண்ணில் இருந்தால் கோரைதான் ஜெயிக்கும், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

முருங்கைத்தெரு, கொடுங்கையூர்

ரொம்ப நன்றி ஐயா, சுமதி அக்கா, வேலு தம்பி. பின்மனைக்காரர் மூலக்கடையில் இருக்கிறார் என்று தெரியும், ஞாயிறு போய்ப் பேசுகிறேன். டார்ச்சை வாசலுக்கு மட்டும் யோசிக்கிறேன், முதலில் கஞ்சி ஊற்றிப் பார்ப்பேன். ஒரு சந்தேகம், சலித்து எடுத்த கிழங்கை எங்கே போடுவது? குப்பை வண்டியில் கொடுத்தால் போதுமா? இன்னொன்று, இந்தக் கோரை செம்மண் லோடில்தான் வந்திருக்குமா?

கோடை உழவு, மாதவரம்

லோடு மண்ணில் வருவது மிகச் சாதாரணம். நர்சரிப் பையில்கூட வரும். செடி வாங்கினால் பையைக் கிழித்து வேரைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு நடுங்கள், கறுப்பாக நார் மூடிய கொட்டைபோல் இருந்தால் அதுதான். அடுத்த லோடு இறக்குவதற்கு முன் ஒரு சட்டி மண்ணை வாங்கி வந்து ஈரமாக்கி இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள், முளைப்பது முளைத்துவிடும்.

கிழங்கை மக்கு குழியில் போடாதீர்கள், வீட்டு மக்கில் அவ்வளவு சூடு ஏறாது, உரத்தோடு சேர்ந்து பாத்திக்கே திரும்பி வரும். மொட்டை மாடித் தளத்தில் பரப்பிக் கோடை வெயிலில் கல்போல் காயும்வரை விடுங்கள். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக ஈரம் தெரியக் கூடாது. காய்ந்ததை நாட்டு மருந்துக்காரர் சிலர் வாங்குவார்கள், முத்தக்காசு என்று கடையில் விற்பது இந்தக் கிழங்குதான். வாங்க ஆள் இல்லையென்றால் காய்ந்த பிறகு குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

தார்ஷீட் வேலு, திருவொற்றியூர்

மாடியில் காயப்போடும்போது மழைத்தண்ணீர்க் குழாய் வாயில் ஒரு வலை கட்டிவிடுங்கள் அண்ணா. கிழங்கு உருண்டு குழாயில் போய் அடைத்தால் அப்புறம் மழைக்கு மாடியில் தண்ணீர் நின்று எனக்குத்தான் வேலை வரும். சர்க்கரைவள்ளிக் கொடி வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் நிறைய ஓடுகிறது, இந்தப் பக்கம் வரும்போது சொல்லுங்கள், வெட்டித் தருகிறேன்.