எனக்கும் 22, அம்மாவுக்கும் 22

மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் செய்த மரபணுச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தேன். "22 வந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். நூறு பேரில் இருபத்திரண்டு பேருக்கு நோய் திரும்பும், அதில் நானும் ஒருத்தி என்று கணக்குப் போட்டபடியே அன்று இரவு விழித்துக் கிடந்தேன். அது சதவீதமே அல்ல என்பது மறுநாள்தான் தெரிந்தது.

எனக்கு வயது 46, மாதவிடாய் நிற்கவில்லை. கட்டி 2.3 செ.மீ.; நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் கட்டி), ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லை (நெகட்டிவ்). அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ வேண்டுமா என்று பார்க்க ஆன்கோடைப் டிஎக்ஸ் சோதனைக்கு அனுப்பினார்கள். கட்டியில் 21 மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக இயங்குகின்றன என்று அளந்து, 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் சோதனை அது.

மருத்துவர் அறிக்கையை என் பக்கம் திருப்பி, வரைபடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இழுத்தார். "25-ஐத் தாண்டினால் கீமோ. 10-க்குள் என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை போதும். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்."

இந்த மதிப்பெண்ணை வைத்துக் கீமோவின் பயனைப் பார்த்து 2018-இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில், 11 முதல் 25 வரை பெற்ற பெரும்பாலோருக்குக் கீமோவால் கூடுதல் பயன் இல்லை. ஆனால் 50 வயதைத் தாண்டாதவர்களில் 16 முதல் 25 வரை பெற்றவர்களுக்கு ஓரளவு பயன் தெரிந்ததாம். ஹார்மோன் சுரக்கும் சினைப்பையைக் கீமோ முடக்குவதால்கூட அதில் ஒரு பகுதி வந்திருக்கலாம் என்றார். "அப்படியானால் ஊசி போட்டுச் சினைப்பையை அடக்கினால் போதாதா?" என்று கேட்டேன். "போதலாம். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. தூக்கம்தான் மீண்டும் போனது.

நான்கு சுற்று கீமோ எடுத்துக்கொண்டேன். கடைசிச் சுற்றில் விரல் நுனிகள் மரத்துப்போய், பொத்தான் போடக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. நடு எண்ணில் நின்ற மற்றவர்கள் என்ன முடிவெடுத்தீர்கள்?

மறுமொழி 1

என் அம்மாவுக்கும் அதே 22தான், அக்கா. வயது 61, முடிச்சில் பரவல் இல்லை. லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும் போதும் என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். கீமோ இல்லை என்றதும் கைகழுவிவிட்டார்களோ என்று பயந்து இன்னொரு மருத்துவரிடம் ஓடினேன். அவரும் அதையேதான் சொன்னார். மூன்று வருடமாக நலமாக இருக்கிறார். ஆனால் மூட்டுவலிக்குப் பயந்து மாத்திரையைச் சாப்பிடாமலேயே சாப்பிட்டதாகச் சொல்லும் நாட்களும் உண்டு. ஐந்து வருடம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று வைத்துத்தான் அறிக்கையில் அபாயக் கணக்கே போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னால் எரிந்து விழுகிறார்.

மறுமொழி 2

நான் திசு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இந்தச் சோதனைக்கு இரத்தம் வேண்டாம். மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டிலிருந்து மெல்லிய சீவல்கள் போதும். கெடாமல் இருக்க ஃபார்மலினில் ஊறிய திசுவில், மரபணு இயக்கத்தை அளக்க உதவும் ஆர்என்ஏ மூலக்கூறு சிதைந்திருக்கும். அதன் அளவும் தரமும் மாதிரிக்கு மாதிரி மாறுவதால்தான் 21-இல் 5 மரபணுக்களை ஒப்பீட்டுக்கென்றே வைத்திருக்கிறார்கள். மீதி 16-இல் செல் பெருக்கத்தைக் காட்டும் குழுவுக்கே கனம் அதிகம். பயாப்ஸி ஊசி போன குழியைச் சுற்றி அழற்சி செல்கள் மொய்த்திருக்கும். அவை சேர்ந்துவிட்டால் மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆகவே கண்ணாடித் தகட்டில் அந்த இடத்தைப் பேனாவால் வளைத்து ஒதுக்கிவிடுவோம். மம்மாபிரிண்ட் என்ற இன்னொரு மரபணுச் சோதனை எடுத்தவர்களின் அறிக்கையோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். அது 70 மரபணுக்கள் கொண்ட வேறு பட்டியல்.

பதிவிட்டவர்

பேனா வளையம் எனக்குப் புதுச் செய்தி. தங்கையே, அம்மாவின் மூட்டுவலிக்கு என்ன செய்கிறீர்கள்? எனக்கும் காலையில் முழங்கால் மடங்க மறுக்கிறது.