மறு: போலிங்குக்கும் ட்ராப்புக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வலைப்பின்னலில் தரவை வழிகாட்டி அனுப்பும் ரௌட்டருக்குத் திசைவி என்பது நிலைத்துவிட்டது, அதை மறுபடி கிளற வேண்டாம் என்று நம் கலைச்சொல் குழுவில் ஐயா சொன்னதை ஏற்கிறேன். மேலாண்மை, கண்காணிப்பு ஆகிய சொற்களிலும் நமக்குள் சண்டை இல்லை. என் கவலையெல்லாம், திசைவியின் நிலையை அறியும் இரண்டு வழிகளான போலிங் (polling), ட்ராப் (trap) என்ற இரட்டைச் சொற்கள்தான்.

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு வலைப்பின்னல் கண்காணிப்பு மையத்தில் பதினோரு ஆண்டுகளாக ஷிஃப்ட் பார்க்கிறேன். உடன் வேலை செய்கிறவர்களில் பலர் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த பிள்ளைகள். கட்டளைகள் எல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். ஆனால் "போலிங்ல தெரியல, ட்ராப்ல வந்துச்சு" என்று சொன்னால், ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு வழி என்று முழிப்பார்கள். சொல்லிலேயே விளக்கம் இருந்துவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

மேலாண்மை மென்பொருள் திசைவி திசைவியாகப் போய், இணைப்பு உயிரோடு இருக்கிறதா, இதுவரை எத்தனை பைட் போனது என்று கேட்கிறது. வலைப்பின்னல் கருவிகளைக் கண்காணிக்கப் பயன்படும் எஸ்.என்.எம்.பி. (SNMP) நெறிமுறையில் இந்தக் கேள்வி திசைவியின் 161-ஆம் போர்ட்டுக்கு, அதாவது அந்த எண்ணுள்ள வாசலுக்குப் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது நெடுநாள் வழக்கம். இது போலிங். ட்ராப் இதற்கு நேர்மாறு. யாரும் கேட்காமலே, ஏதாவது நடந்தவுடன் திசைவி தானாக மென்பொருளின் 162-ஆம் போர்ட்டுக்குச் செய்தி அனுப்பும்.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதை இரண்டு இரவுகள் எனக்குப் புரியவைத்தன. ஒரு நாள் அதிகாலை 2:11-க்கு ஒரு இணைப்பு விழுந்து 2:13-க்கு எழுந்துவிட்டது. மென்பொருள் கேட்டதோ 2:10-க்கும் 2:15-க்கும். இரண்டு முறையும் "நன்றாக இருக்கிறேன்" என்றே பதில். வரைபடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாடிக்கையாளர் பேக்கப் அறுந்துவிட்டது என்று கத்துகிறார், நாங்கள் எங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்கிறோம். ட்ராப் பதிவைத் திறந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சில மாதங்கள் கழித்து இதற்கு மறுபக்கம். சாலை தோண்டியதில் ஃபைபர் அறுந்தது. அந்தத் திசைவிக்கு வெளியே போக அது ஒன்றுதான் வழி. இணைப்பு போய்விட்டது என்று சொல்லும் செய்தியே அந்த இணைப்பு வழியாகத்தானே வரவேண்டும்? வரவில்லை. அடுத்த சுற்றில் கேட்டுப் பதில் கிடைக்காதபோதுதான் திரையில் சிவப்பு விழுந்தது.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> அகராதியில் இருக்கிறதே, வாக்கெடுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேண்டாம் தம்பி. வாக்கெடுப்பு என்றால் பலரைக் கேட்டு, எண்ணிப் பார்த்து, ஒரு முடிவுக்கு வருவது. இங்கே எண்ணிக்கையும் இல்லை, பெரும்பான்மையும் இல்லை. ஒவ்வொரு திசைவியின் பதிலும் தனித்தனி.

என் பரிந்துரை முறைவினவல். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வால்வு திறக்கிறவர் தெருத் தெருவாக வருவார், "இன்னைக்கு நம்ம முறை" என்று பக்கத்து வீட்டு அம்மா குடத்தை எடுத்து வைப்பார். ஊரில் வாய்க்கால் பாசனத்துக்கும் முறை வைத்துத்தான் மடை திறப்பார்கள். வரிசை, சுழற்சி, மறுபடி வரும் என்ற நிச்சயம் மூன்றும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. போலிங்கும் இதே மூன்றுதான். முதலில் முறைகேட்டல் என்றுதான் எழுதினேன். வாய்விட்டுச் சொன்னால் முறைகேடு என்று காதில் விழுகிறது, அடித்துவிட்டேன். முறைவினவலுக்கு இன்னொரு பலம், அது கிளைவிடும். மென்பொருள் திசைவிகளை முறைவினவுகிறது; கேட்கும் நிரல் முறைவினவி; இரண்டு கேள்விகளுக்கு நடுவே இருப்பது முறைவினவல் இடைவெளி.

ட்ராப்புக்குப் பொறி என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். எலிப்பொறி நினைவில் அது சரிதான். ஆனால் தேடுபொறி, பொறியாளர் என்று நம் துறையில் பொறி ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தவிர, இங்கே யாரும் யாரையும் பிடிக்கவில்லை. பரிந்துரையாக வந்த எச்சரிக்கை, முறையீடு, அபயக்குரல் மூன்றுமே கெட்ட செய்தியை மட்டும் சொல்பவை. ட்ராப் அப்படியல்ல, அறுந்த இணைப்பு மீண்டும் எழுந்ததையும் சொல்லும். கேளாச்செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் காது கேளாதவர் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது காதில் விழாத செய்தி என்றும் பொருள்படும்.

அதனால் தன்னறிவிப்பு. திசைவி தானாக அறிவிக்கிறது, தன்னைப் பற்றியே அறிவிக்கிறது. வினையாக்கினால் சரளமாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், "தன்னறிவிப்பு அனுப்பியது" என்றுதான் சொல்லவேண்டும். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பில் வந்த இன்ஃபார்ம் என்பதற்கும் இதிலிருந்தே வழி கிடைக்கிறது. சாதாரண ட்ராப் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய திசைவிக்குத் தெரியாது. இன்ஃபார்முக்குப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வரும். பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினோமே, அதேதான். ஒப்புகைத் தன்னறிவிப்பு எனலாம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் சொல்லை ஏற்கக்கூடாது என்பது இந்தக் குழுவின் பழக்கம். எங்கள் வேலையிலிருந்தே ஒன்று: "முறைவினவலில் ஓடுநேரம் பூச்சியத்துக்கு வந்துவிட்டது, ஆனால் தன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. திசைவி மறுதொடக்கம் ஆகியிருக்காது, 497 நாள் கணக்கா என்று பார்." ஓடுநேரம் என்பது திசைவி தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம்; அதை நொடியில் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணுவதால் 497 நாளில் அது நிரம்பி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். இதைத் தெரியாமல் நள்ளிரவில் மேலதிகாரியை எழுப்பிய பிள்ளைகள் உண்டு. இந்த வாக்கியத்தை ஒரு பையனிடம் சொன்னேன், விளக்கம் கேட்காமல் வேலையைத் தொடங்கினான்.

1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் ஆரம்பத்தில் செய்தது வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருள்தான். இத்தனை ஆண்டுகளாக நம் ஆட்கள் கட்டியும் இயக்கியும் வரும் ஒன்றுக்கு நம்மிடம் சொல் இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

சுற்றுவினவல் என்று எழுதிய அக்காவுக்கு: முறையைவிடச் சுற்று எளிது என்பது உண்மை. ஆனால் வாடகைக்கு எடுக்கும் இணைப்பையே சர்க்யூட் என்கிறோம், அதைத் தமிழில் சுற்று என்றால் "சுற்றைச் சுற்றுவினவினேன்" என்று வந்து நிற்கும். முறைவினவல் இடறும் வாக்கியம் ஏதாவது உங்களிடம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள் அக்கா. அதைப் பார்த்துவிட்டே பட்டியலில் ஏற்றுகிறேன்.